நோக்கியா போச்சு, ஐபோன் வந்துச்சு: நடுவுல யார் விடுபட்டாங்க?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சுநடை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

"2014-ல இந்தியாவில ரெண்டே ரெண்டு மொபைல் ஃபேக்டரிதான் இருந்துச்சு, இப்போ 200-க்கு மேல இருக்கு." இந்த வரியை நீங்க எங்கேயாவது கேட்டிருப்பீங்க. மத்திய அரசு அடிக்கடி சொல்ற கணக்கு இது. எப்படி எண்ணினாங்கங்கிறதை விடுங்க. இந்த ஒரு வரிக்குப் பின்னாடி ஒரு பெரிய கதை ஒளிஞ்சுக்குது. அதே 2014-லதான், உலகத்துலயே பெரிய மொபைல் ஃபேக்டரிகள்ல ஒண்ணு, நம்ம ஸ்ரீபெரும்புதூர்ல, கதவை மூடுச்சு. அது சின்ன ஷெட் இல்லை. 2011 வாக்கிலேயே 50 கோடி போனைத் தாண்டின இடம்.

நான் திருத்தணிக்காரன். எங்க ஊர்ல இருந்து ஸ்ரீபெரும்புதூர் பஸ்ல ஒன்றரை மணி நேரம். இந்தப் பக்கம் அரை மணி நேரம் போனா ஆந்திரா பார்டர். அந்தப் பார்டரைத் தாண்டினா தடா பக்கத்துல ஸ்ரீசிட்டி, அங்கேயும் போன் ஃபேக்டரி. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற ஊர். இந்தியாவோட மொபைல் வரலாற்றை டெல்லியில இருந்து பார்த்தா ஒரு மாதிரி தெரியும். கம்பெனி பஸ் வந்து நிக்கிற ஊர்ல இருந்து பார்த்தா வேற மாதிரி தெரியும். இன்னைக்கு ரெண்டாவது மாதிரி பார்க்கப் போறோம்.

பதினாறு ரூபாய் நிமிஷம்

முதல்ல ஒரு சின்ன ரீவைண்ட். 1995 ஜூலை 31. மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தா ரைட்டர்ஸ் பில்டிங்கில் இருந்து, டெல்லியில் இருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுக்கு ஒரு கால் போட்டார். இந்தியாவின் முதல் மொபைல் கால். நெட்வொர்க் மோடி டெல்ஸ்ட்ரா, கையில இருந்தது நோக்கியா.

அப்போ பேசறதுக்கு நிமிஷம் 16 ரூபாய் வரைக்கும் ஆச்சு. அதைவிடக் கொடுமை, நமக்கு வர்ற காலுக்கும் நாமதான் காசு கட்டணும். "மிஸ்டு கால்" ஒரு தனி மொழியா வளர்ந்ததுக்கு இந்த விலைதான் காரணம். 1999-ல புதிய தொலைத்தொடர்புக் கொள்கை வந்து, கம்பெனிகள் லைசென்சுக்கு மொத்தமா பணம் கட்டற முறை போய், வருமானத்தில் பங்கு குடுக்கிற முறை வந்தது. 2003 மே மாதம் இன்கமிங் இலவசம். அதே வருஷம் நோக்கியா 1100 வந்தது. தலையில டார்ச், தூசி புகாத கீபேட். கரண்ட் போற ஊருக்கும் புழுதி பறக்கிற ரோட்டுக்கும் யோசிச்சு செஞ்ச போன். உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல வித்துச்சு.

ஆனா இந்தப் போன்கள் எதுவும் அப்போ இங்கே செய்யப்படலை. எல்லாம் இறக்குமதி. இந்தியா 1997-ல உலக வர்த்தக அமைப்போட தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டிருந்துச்சு. அதன்படி 2005-க்குள்ள இந்த மாதிரிப் பொருட்களுக்கு சுங்க வரியைப் பூஜ்யமாக்கணும். வெளியில செஞ்ச போன் வரியில்லாம உள்ளே வருது. அப்புறம் எதுக்கு ஒரு கம்பெனி இங்கே ஃபேக்டரி கட்டணும்?

இந்தக் கேள்வியை மனசுல வெச்சுக்கோங்க. பின்னாடி நடந்த எல்லாத்துக்கும் வேர் இதுதான்.

வயல் இருந்த இடத்துல

2004 கடைசியில நோக்கியா இந்தியாவுல ஃபேக்டரி போடப்போறதா அறிவிச்சதும் பல மாநிலங்கள் போட்டிக்கு வந்தன. 2005 ஏப்ரல்ல ஜெயலலிதா அரசோட ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. சிப்காட் மூலமா ஸ்ரீபெரும்புதூர்ல சுமார் 210 ஏக்கர். சென்னைத் துறைமுகமும் மீனம்பாக்கம் கார்கோவும் பக்கம். ஹூண்டாய் ஏற்கெனவே இருங்காட்டுக்கோட்டையில இருந்ததால ரோடு, கரண்ட், காண்ட்ராக்டர்கள்னு எல்லாம் தயார். இதுக்கு மேல, கட்டற வாட் வரியில ஒரு பங்கைத் திருப்பித் தர மாநில அரசு ஒத்துக்கிச்சு. சிறப்புப் பொருளாதார மண்டல அந்தஸ்தும் கிடைச்சது.

அப்போ நாம கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். சுங்க வரி பாதுகாப்பு இல்லாத இடத்துல, மாநிலம் குடுத்த சலுகைகளும், வேகமா வளர்ற மார்க்கெட்டும், குறைஞ்ச கூலியும் சேர்ந்துதான் அந்த ஃபேக்டரியைத் தூக்கி நிறுத்துச்சு. இதுல ஒரு கால் ஆடினாலும் மொத்தமும் ஆடும்.

வேகம் ஆச்சரியமானது. ஒப்பந்தம் போட்டு ஒன்பது மாசத்துல, 2006 ஜனவரியில உற்பத்தி ஆரம்பிச்சாச்சு. கூடவே சப்ளையர்கள் வந்தாங்க. ஃபாக்ஸ்கான், சார்ஜர் செய்ற சால்காம்ப், பெர்லோஸ், வின்டெக், லேர்ட் எல்லாம் அதே வளாகத்துக்குள்ள. ஒரு கேட்டுக்குள்ள சார்ஜர், கவர், போர்டு எல்லாம் சேர்ந்து முழு போனா வெளியே போச்சு.

உள்ளே வேலை எப்படி நடந்துச்சுன்னு சொல்றேன். முதல் பகுதியில மெஷின்தான் ராஜா. வெறும் சர்க்யூட் போர்டு மேல சாலிடர் பசையைத் தடவி, மணல் துகள் அளவு பாகங்களை நொடிக்குப் பல கணக்குல ஒட்டி, அடுப்பு மாதிரி ஒரு பெட்டிக்குள்ள அனுப்பும். ரெண்டாவது பகுதியில மனுஷங்க. டிஸ்ப்ளே, கீபேட், ஸ்பீக்கர், கவர்னு ஒவ்வொண்ணா பொருத்தி, சாஃப்ட்வேர் ஏத்தி, டெஸ்ட் பண்ணி, பெட்டியில போடணும். அந்த ரெண்டாவது பகுதியில உட்கார்ந்தவங்கள்ல பெரும்பாலானோர் பெண்கள். உச்சத்துல நேரடி வேலையாட்கள் மட்டும் சுமார் 8,000 பேர், அதுல பத்துக்கு ஏழு பேர் பெண்கள். பெரும்பாலும் பிளஸ் டூ முடிச்சு வந்த, இருபதை ஒட்டின வயசு.

எங்க பக்கத்துக்கு இது என்ன பண்ணுச்சு? திருத்தணியைச் சுத்தி பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டை எல்லாம் தறி ஓடற ஊர்கள். இன்னொரு பக்கம் கரும்பு, திருவாலங்காடு சர்க்கரை ஆலை. பிளஸ் டூ முடிச்ச பொண்ணுக்கு அதுவரைக்கும் தறி, வயல், துணிக்கடை, இல்லைன்னா கல்யாணம். திடீர்னு நாலாவதா ஒண்ணு வந்தது. விடிகாலை இருட்டுல வாசல் தெளிக்கிற நேரத்துக்கு முன்னாடியே கம்பெனி பஸ். கழுத்துல அடையாள அட்டை. பி.எஃப், ஈ.எஸ்.ஐ, பேங்க் அக்கவுன்ட். எங்க தெருவுல பேங்க்ல தன் பேருல சம்பளம் வாங்கின முதல் பெண்கள் டீச்சரும் நர்ஸும். அடுத்து இந்த அக்காங்கதான். வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்தது, தம்பிக்கு இன்ஜினீயரிங் ஃபீஸ் கட்டினது எல்லாம் இந்தச் சம்பளத்துல. எங்க செட்டுல நிறைய பேரோட டிகிரிக்குப் பின்னாடி ஒரு அக்காவோட ஷிப்ட் இருக்கு. அதை நாங்க யாரும் லிங்க்ட்இன்ல எழுதறது இல்லை.

சத்தம் வர ஆரம்பிச்சது

எல்லாம் இனிப்பாவே இருக்கலை. 2009-லயும் 2010-லயும் நோக்கியாவில் வேலைநிறுத்தங்கள் நடந்தன. சம்பளம், டிரெய்னியாவே வெச்சிருக்கிறது, சஸ்பென்ஷன் எல்லாம் பிரச்சனை. 2010 செப்டம்பர், அக்டோபர்ல ஃபாக்ஸ்கான்ல பெரிய ஸ்டிரைக். தங்களுக்குப் பிடிச்ச சங்கத்தை நிர்வாகம் அங்கீகரிக்கணும்ங்கிறது முக்கியமான கோரிக்கை. தொழிலாளர்கள் நூற்றுக்கணக்குல கைது ஆனாங்க. சி.ஐ.டி.யூ தலைவர் அ. சவுந்தரராசனும் கைது செய்யப்பட்டார்.

அதே அக்டோபர் கடைசியில, நோக்கியா ஃபேக்டரியில 22 வயசு பெண் தொழிலாளி ஒருத்தர் மெஷின்ல தலை மாட்டி இறந்து போனார். நான் கொஞ்சம் முன்னாடி "மெஷின்தான் ராஜா"ன்னு சொன்னேனே, அந்தப் பகுதியில, போர்டு தட்டுகளை ஏத்தற மெஷின். லைன் நிக்கக்கூடாதுங்கிற அழுத்தம் பற்றி அப்போ தொழிலாளர்கள் நிறைய பேசினாங்க. இந்தச் சாவு பத்தி உலகம் முழுக்கத் தொழிலாளர் அமைப்புகள் எழுதினாங்க. நம்ம ஊர்ல மொபைல் புரட்சி பத்தி எழுதற கட்டுரைகள்ல இது பெரும்பாலும் வர்றதே இல்லை.

சாஃப்ட்வேர்ங்கிறது சரக்கா, உரிமையா?

இப்போ கதையோட மையத்துக்கு வர்றோம். நான் கோட் எழுதிச் சம்பளம் வாங்கறவன். அதனால இந்தப் பகுதியை நிதானமா சொல்றேன்.

2013 ஜனவரி 8. வருமான வரித்துறை அதிகாரிகள் ஸ்ரீபெரும்புதூர் ஃபேக்டரிக்குள்ள வந்தாங்க. பின்னாடி 2,000 கோடிக்கு மேல வரி கேட்டு நோட்டீஸ் போனது. பிரச்சனை என்ன? லைன்ல போனுக்குள்ள சாஃப்ட்வேர் ஏத்தறாங்கன்னு சொன்னேன் இல்ல, அந்த சாஃப்ட்வேர் பின்லாந்து தாய் கம்பெனியோடது. அதுக்காக நோக்கியா இந்தியா பின்லாந்துக்குப் பணம் அனுப்புது. அந்தப் பணம் என்ன வகை?

புத்தகக் கண்காட்சியில நீங்க ஒரு நாவல் வாங்கறீங்க. நீங்க வாங்கினது ஒரு பிரதி. படிக்கலாம், பழைய புத்தகக் கடையில விக்கலாம். ஆனா ஆயிரம் காப்பி அச்சடிச்சு விக்க முடியாது, ஏன்னா காப்பிரைட் எழுத்தாளர்கிட்ட இருக்கு. நோக்கியா சொன்னது, "நாங்க வாங்கறது பிரதி. அது ஒரு சரக்கு, பேட்டரி மாதிரி, ஸ்க்ரூ மாதிரி." வரித்துறை சொன்னது, "இல்லை, நீங்க குடுக்கிறது உரிமையைப் பயன்படுத்தறதுக்கான ராயல்டி. ராயல்டின்னா இங்கேயே டி.டி.எஸ் பிடிச்சுக் கட்டியிருக்கணும். 2006-ல இருந்து கட்டலை."

இதுல 2012 பட்ஜெட் முக்கியம். வோடபோன் வழக்குக்காகப் பேர் போன அந்த பின்தேதியிட்ட வரிச் சட்டத் திருத்தம் ஞாபகம் இருக்கா? அதே நிதிச் சட்டத்துல இன்னொரு விளக்கமும் இருந்துச்சு: சாஃப்ட்வேரைப் பயன்படுத்தற உரிமைக்குக் குடுக்கிற பணமும் ராயல்டிதான், அதுவும் 1976 ஜூன் 1-ல இருந்தே அப்படித்தான். 1976-ல இந்தியாவுல மொபைல் போனே கிடையாது. நம்ம பாஷையில சொன்னா, இன்னைக்கு எழுதின ரூலை முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னாடி இருந்த வெர்ஷனுக்கும் சேர்த்து ஓட்டினாங்க.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிடணும். வரித்துறை கேட்டது தப்புன்னு நான் சொல்லலை. மலிவு நிலம், வாட் ரீஃபண்ட், வரிச்சலுகை எல்லாம் வாங்கின கம்பெனி லாபத்தை எந்த வழியா வெளியே அனுப்புதுன்னு கேக்கிறது அரசோட வேலை. உலகம் முழுக்க எல்லா நாடும் கேக்குது. பிரச்சனை, கேள்வி கேட்ட நேரமும் பதில் வர எடுத்துக்கிட்ட காலமும்.

2013 செப்டம்பர் 3. மைக்ரோசாஃப்ட் நோக்கியாவோட போன் தொழிலை 544 கோடி யூரோவுக்கு வாங்கறதா அறிவிச்சது. உலகத்துல இருக்கிற நோக்கியா போன் ஃபேக்டரிகள் மைக்ரோசாஃப்டுக்குப் போகணும். ஆனா அதே மாசம் வரித்துறை நோக்கியா இந்தியாவோட சொத்துகளை முடக்குச்சு. ஃபேக்டரியும் அதுல அடக்கம். டெல்லி உயர் நீதிமன்றம் நிபந்தனைகளோட மாத்தலாம்னு சொன்னது. அந்த நிபந்தனைகளை எதிர்த்து நோக்கியா மேல போச்சு. 2014 மார்ச்சுல உச்ச நீதிமன்றம் 3,500 கோடி ரூபாய்க்கு உத்தரவாதம் குடுத்தாதான் ஃபேக்டரியை மாத்தலாம்னு சொல்லிடுச்சு. அதே மாசம் தமிழ்நாடு அரசும் தன் பங்குக்கு 2,400 கோடி கேட்டது. ஏற்றுமதின்னு கணக்கு காட்டின போன்கள் உள்நாட்டுல வித்ததுன்னு வாதம். சிவப்புக் கம்பளம் விரிச்ச அதே மாநிலம்.

2014 ஏப்ரல் 25. உலகம் முழுக்க நோக்கியா போன் தொழில் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறுச்சு. ஸ்ரீபெரும்புதூர் வெளியே நின்னுச்சு. பேருக்கு நோக்கியா ஃபேக்டரி, ஆனா நோக்கியாவுக்கே போன் தொழில் கிடையாது. மைக்ரோசாஃப்டுக்கு ஜாப் ஆர்டர்ல போன் செஞ்சு குடுக்கிற இடமா ஆச்சு. அந்த ஆர்டரும் சீக்கிரமே நிக்கப்போகுதுன்னு எல்லாருக்கும் தெரியும். வி.ஆர்.எஸ் அறிவிச்சாங்க. ஐயாயிரத்துக்கும் மேல தொழிலாளர்கள் கையெழுத்துப் போட்டாங்க. 2014 நவம்பர் 1-ல லைன் நின்னது. நோக்கியாவை நம்பியிருந்த ஃபாக்ஸ்கானும் டிசம்பர்ல உற்பத்தியை நிறுத்துச்சு. அங்கே சுமார் 1,700 பேர்.

வரி மட்டும்தான் காரணமா?

இல்லை. இதை நேர்மையா பேசணும். 2007-ல ஐபோன், 2008-ல ஆண்ட்ராய்ட். ஸ்ரீபெரும்புதூர் லைன்ல ஓடினதுல பெரும்பகுதி பட்டன் போன். அதே நேரம் மைக்ரோமேக்ஸ் மாதிரி கம்பெனிகள் சீனாவுல செஞ்ச போனை இறக்கி, குறைஞ்ச விலைக்கு டூயல் சிம் வித்தாங்க. சுங்க வரி பூஜ்யம்தானே, அவங்களுக்கு ஃபேக்டரியே தேவைப்படலை.

இன்னொண்ணு, நோக்கியா ஃபேக்டரியை மூடறது புதுசு இல்லை. 2008-ல ஜெர்மனியில போகும் நகர ஃபேக்டரியை மூடிட்டு, கூலி கம்மின்னு ருமேனியாவுல க்ளூஜ் பக்கம் போனாங்க. ஜெர்மனியில பெரிய போராட்டம், குடுத்த மானியத்தைத் திருப்பிக் குடுன்னு மாநில அரசு கேட்டது. நாலு வருஷம்கூட ஆகலை, 2011 முடியறதுக்குள்ள க்ளூஜையும் மூடினாங்க. 2012-ல பின்லாந்து சாலோ ஃபேக்டரியே மூடப்பட்டது, அவங்க சொந்த நாட்டுல. நமக்கு முன்னாடியே இந்தப் படம் மூணு தியேட்டர்ல ஓடிடுச்சு.

அதனால வரிச் சண்டை இல்லாம இருந்திருந்தா ஃபேக்டரி பல வருஷம் ஓடியிருக்கும்னு என்னால சொல்ல முடியாது. 2014 ஜூலையில மைக்ரோசாஃப்ட் 18,000 பேரைக் குறைக்கறதா அறிவிச்சது, அதுல 12,500 பேர் நோக்கியாவுல இருந்து வந்தவங்க. ஆனா ஒண்ணு சொல்லலாம். வழக்குல மாட்டின ஃபேக்டரியை வேற யாருக்கும் விக்க முடியாது. மைக்ரோசாஃப்ட் வேண்டாம்னா சாம்சங், இல்லைன்னா இன்னொருத்தர் வந்து அதே ஆட்களோட அதே லைனை ஓட்டியிருக்க வாய்ப்பு இருந்துச்சு. அந்த வாய்ப்பு பூட்டுக்குள்ள போச்சு.

பூட்டு எவ்வளவு நாள்? இந்தியாவும் பின்லாந்தும் பேசி 2018-லதான் முடிச்சாங்க. நோக்கியா சுமார் 1,600 கோடி கட்டுச்சு. 2019 நவம்பர்ல அந்த இடத்தை சால்காம்ப் வாங்கறதா அறிவிப்பு வந்தது. அதே வளாகத்துல ஒரு காலத்துல நோக்கியாவுக்கு சார்ஜர் செஞ்சவங்க, இப்போ ஆப்பிளோட சப்ளையர். அப்புறம் 2021 மார்ச்சுல, வேற கம்பெனிகளோட வழக்குல, உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு குடுத்தது: வெளிநாட்டு சாஃப்ட்வேரின் பிரதியை வாங்கிப் பயன்படுத்தவோ விக்கவோ குடுக்கிற பணம் ராயல்டி ஆகாது. நாவல் வாங்கறவன் காப்பிரைட் வாங்கலை. அது நோக்கியா வழக்கு இல்லை, விவரங்கள் வேற. ஆனா கேள்வி கிட்டத்தட்ட அதே கேள்வி. பதில் வந்தப்போ லைன் நின்னு ஆறு வருஷத்துக்கு மேல ஆகியிருந்துச்சு.

பஸ் திசை மாறுச்சு

லைன் நின்ன அடுத்த வருஷமே கதை எங்க ஊருக்கு அந்தப் பக்கம் தாவுச்சு. திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரைக்கும் ஆந்திராவோட சித்தூர் மாவட்டத்துல இருந்தது. ம.பொ.சி.யோட வடக்கெல்லைப் போராட்டத்துக்கு அப்புறம் சென்னை மாநிலத்துக்கு வந்தது. இங்கே நிறைய வீட்ல தமிழும் தெலுங்கும் சேர்ந்தே ஓடும். எங்களுக்கு அந்த பார்டர் ஒரு செக்போஸ்ட், அவ்வளவுதான். ஆனா ஃபேக்டரிக்கு அந்தக் கோடு ரொம்ப முக்கியம், ஏன்னா சலுகை மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

2015 ஆகஸ்ட் 10. ஷாவ்மி, ஃபாக்ஸ்கானோட சேர்ந்து ஸ்ரீசிட்டியில செஞ்ச முதல் இந்தியப் போனை விசாகப்பட்டினத்துல அறிமுகம் செஞ்சது. ஆமா, ஸ்ரீபெரும்புதூர்ல லைனை நிறுத்தின அதே ஃபாக்ஸ்கான். எட்டே மாசத்துல.

இடையில என்ன மாறுச்சு? நாம மனசுல வெச்ச கேள்வி ஞாபகம் இருக்கா, வெளியில செஞ்சது வரியில்லாம வந்தா இங்கே எதுக்கு செய்யணும்னு? 2015 பட்ஜெட்டுல இறக்குமதிப் போனுக்கு ஒரு வரி, இங்கே செஞ்ச போனுக்கு ரொம்பக் குறைஞ்ச வரின்னு பிரிச்சாங்க. 2017 ஜூலையில 10 சதவீதம் சுங்க வரி, டிசம்பர்ல 15, 2018 பட்ஜெட்டுல 20. கூடவே சார்ஜர், பேட்டரி, அப்புறம் சர்க்யூட் போர்டுன்னு பாகங்களுக்கும் படிப்படியா வரி. உலக வர்த்தக அமைப்புல ஐரோப்பிய யூனியன், ஜப்பான், தைவான் எல்லாம் புகார் குடுத்து, 2023-ல இந்தியாவுக்கு எதிரா தீர்ப்பும் வந்தது. ஆனா அதுக்குள்ள ஃபேக்டரிகள் வந்தாச்சு. 2020-ல உற்பத்தியோட இணைச்ச ஊக்கத்தொகைத் திட்டம், அதான் பி.எல்.ஐ. சுமார் 41,000 கோடி ஒதுக்கி, கூடுதலா வித்த போனுக்கு 4-ல இருந்து 6 சதவீதம் வரை அரசு குடுக்கும்.

ஃபாக்ஸ்கான் ஸ்ரீபெரும்புதூர் பக்கமே திரும்ப வந்தது. 2019-ல ஐபோன் எக்ஸ்.ஆர், 2020-ல ஐபோன் 11, 2022-ல ஐபோன் 14. மகேந்திரா சிட்டியில பெகாட்ரான் வந்தது, ஓசூர்ல டாடா வந்தது. 2024-25-ல நாட்டோட ஸ்மார்ட்போன் ஏற்றுமதி சுமார் 2 லட்சம் கோடி ரூபாய். அதுல பெரும்பங்கு ஐபோன்.

இதைக் குறைச்சுப் பேச எனக்கு ஆசை இல்லை. சிப்பும் டிஸ்ப்ளேயும் இன்னும் வெளியிலிருந்துதான் வருது, இங்கே பெரும்பாலும் அசெம்பிளிதான்னு சொல்றது உண்மை. ஆனா எங்க பக்கத்து ஊர்களுக்கு அசெம்பிளியும் வேலைதான். முதல் அலையில இருந்து அரசுகள் நிஜமாவே பாடம் கத்துக்கிட்டாங்க. வரியை முன்கூட்டியே தெளிவாச் சொல்லணும், ஊக்கத்தொகையை உற்பத்தியோட கட்டணும், சப்ளையரைக் கூடக் கூட்டிட்டு வரணும். ஃபேக்டரியை எப்படிக் காப்பாத்தறதுன்னு தெரிஞ்சுக்கிட்டாங்க.

மனுஷங்களைக் காப்பாத்தறதை?

2021 டிசம்பர். ஃபாக்ஸ்கான் ஐபோன் ஃபேக்டரியில வேலை செஞ்ச பெண்கள் தங்கியிருந்த ஒரு ஹாஸ்டல்ல சாப்பாடு விஷமாச்சு. 250 பேருக்கு மேல உடம்பு சரியில்லாமப் போச்சு, 159 பேர் ஆஸ்பத்திரியில. கூட வேலை செஞ்சவங்க எங்கேன்னு தெரியலை, வாட்ஸ்அப்ல செத்துட்டாங்கன்னு வதந்தி. ராத்திரியோட ராத்திரியா ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு ஹைவேயில உட்கார்ந்தாங்க. ஃபேக்டரி ஜனவரி 12 வரைக்கும் மூடியிருந்துச்சு. தங்குமிடங்களும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்கள் தரத்துக்கு இல்லைன்னு ஆப்பிளே ஒத்துக்கிட்டது.

கவனிச்சீங்களா, நோக்கியா காலத்துல பஸ், இப்போ ஹாஸ்டல். அப்போ பொண்ணு ஷிப்ட் முடிஞ்சு வீட்டுக்கு வந்தா, அம்மா கையால சாப்பிட்டா. இப்போ தொழில் வளர வளர தூரமான மாவட்டங்கள்ல இருந்து ஆள் எடுக்கறாங்க. காண்ட்ராக்டர் வேலை குடுக்கறார், காண்ட்ராக்டரே படுக்கையும் சோறும் குடுக்கறார். வேலை போச்சுன்னா படுக்கையும் போச்சு. அந்த நிலைமையில யார் வாயைத் திறந்து கேப்பாங்க?

மாற்றம் வரலைன்னு இல்லை. 2024 ஆகஸ்ட்ல வல்லம் வடகால்ல சிப்காட் கட்டின தங்குமிடத்தை முதல்வர் ஸ்டாலின் திறந்தார். 18,720 படுக்கை, 706.50 கோடி செலவு. 2021-ல ஹைவேயில உட்கார்ந்தவங்களுக்கு இதுல பெரிய பங்கு இருக்குன்னு நான் நினைக்கிறேன். ஆனா அதே 2024-ல, கல்யாணமான பெண்களை வேலைக்கு எடுக்கறதைத் தவிர்க்கறாங்கன்னு ராய்ட்டர்ஸ் ஒரு புலனாய்வுச் செய்தி போட்டு, மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசுகிட்ட அறிக்கை கேட்டது. எல்லாரையும் எடுக்கறோம்னு கம்பெனி மறுத்தது.

இந்த இடத்துல ஒரு சின்னக் கணக்குப் போடுங்க. 2006-ல 19 வயசுல நோக்கியா லைன்ல சேர்ந்த ஒருத்தருக்கு, 2014-ல வி.ஆர்.எஸ் கையெழுத்துப் போடும்போது 27 வயசு. எட்டு வருஷ அனுபவம். போர்டைப் பார்த்தே எங்கே தப்புன்னு சொல்லக்கூடிய கண். 2020-ல அதே வளாகத்துல புது போர்டு மாட்டும்போது அவருக்கு 33 வயசு. கல்யாணம் ஆகியிருக்கும், ஒண்ணு ரெண்டு குழந்தை இருக்கும். லைன் எடுக்கிற வயசோ பெரும்பாலும் பதினெட்டுல இருந்து இருபதுகளோட நடுப்பகுதி வரைக்கும். கட்டடம் திரும்பி வந்துச்சு, ஃபாக்ஸ்கான் திரும்பி வந்துச்சு, சால்காம்ப் திரும்பி வந்துச்சு. முதல் தலைமுறைத் தொழிலாளியை மட்டும் கூப்பிட யாரும் ஒரு திட்டம் போடலை.

நம்ம ஐ.டி.யில எட்டு வருஷ அனுபவம்னா சீனியர், லீட், சம்பள உயர்வு. அங்கே எட்டு வருஷ அனுபவம்னா வயசு ஜாஸ்தி. ஒரே தொழில், ஒரே போன். உள்ளே ஓடற சாஃப்ட்வேரை எழுதறவனுக்கு அனுபவம் சொத்து; அதை ஏத்தி டெஸ்ட் பண்றவங்களுக்கு அனுபவம் சுமை. இந்த வித்தியாசத்தை திறமை தீர்மானிக்கலை. அனுபவத்தை மதிக்கிற மாதிரி ஒப்பந்தம் போடணும்னு யாரும் கட்டாயப்படுத்தலை, அவ்வளவுதான்.

அதனால அடுத்த தடவை ஒரு மாநிலம் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடும்போது எத்தனை கோடி முதலீடு, எத்தனை ஆயிரம் வேலைன்னு மட்டும் கேக்காதீங்க. இன்னும் மூணு கேள்வி இருக்கு. அதுல எத்தனை வேலை கம்பெனியோட நேரடி வேலை, எத்தனை காண்ட்ராக்ட்? 30 வயசைத் தாண்டினவங்களுக்கு மேல போற பாதை இருக்கா? கம்பெனி போச்சுன்னா, அந்த ஆட்களை அடுத்து வர்ற கம்பெனி முதல்ல எடுக்கணும்னு ஒரு வரி இருக்கா? நிலத்துக்கும் வரிக்கும் பக்கம் பக்கமா எழுதறவங்களால இந்த ஒரு வரியையும் எழுத முடியும்.

கடைசியா உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். உங்க வீட்லயோ தெருவுலயோ நோக்கியாவுல, ஃபாக்ஸ்கான்ல, இல்லை அந்த வளாகத்துல வேற எங்கேயாவது வேலை செஞ்ச அக்கா யாராவது இருந்தா, உட்கார வெச்சுப் பேசுங்க. அவங்க சம்மதிச்சா ரெக்கார்ட் பண்ணுங்க. எந்த லைன், என்ன மாடல், முதல் சம்பளத்துல என்ன வாங்கினாங்க, கடைசி நாள் என்ன நடந்துச்சு. ஒப்பந்தமும் தீர்ப்பும் ஆவணக் காப்பகத்துல பத்திரமா இருக்கும். லைன்ல என்ன நடந்துச்சுங்கிறது அவங்க ஞாபகத்துல மட்டும்தான் இருக்கு.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.